பழைய லாரி எஞ்சினில் மேனிபோல்டு கேஸ்கட்டும் ஸ்டட்டுகளும் மாற்றும் முறை

காரியாபட்டி வட்டாரம் பெரும்பாலும் மானாவாரிக் கரிசல் பூமியாகும். தை, மாசி மாதங்களில் பருத்தியும் தானியங்களும் களத்திற்கு வந்ததும், அவற்றை அருப்புக்கோட்டை, விருதுநகர், மதுரைச் சந்தைகளுக்குச் சேர்ப்பிக்க லாரி அவசியமாகின்றது. நிலமுடையவர்களில் சிலர் பல கை மாறிய பழைய டீசல் லாரியை வாங்கி வைத்திருக்கின்றனர். இவ்வண்டிகளில் அடிக்கடி நேரும் பழுதுகளில் ஒன்று, எஞ்சின் ஹெட்டுக்கும் மேனிபோல்டுக்கும் இடையிலுள்ள கேஸ்கட் கருகிக் கசிவதாகும். இது அற்பமெனத் தோன்றினும், சரக்கிற்கும் எஞ்சினுக்கும் ஆளுக்கும் கேடு விளைவிக்கத்தக்கது.

பழுதின் காரணம்

எக்ஸாஸ்ட் மேனிபோல்டு வார்ப்பிரும்பினால் ஆனது. பாரம் ஏற்றி ஓடுங்காலத்தில் அதன் உஷ்ணம் 400 டிகிரி சென்டிகிரேடுக்கு மேலும் ஏறக்கூடும். ஹெட்டோ தண்ணீரால் குளிர்விக்கப்படுவதால் அதனினும் மிகக் குறைந்த உஷ்ணத்திலேயே நிற்கும். இரண்டரை அடி நீளமுள்ள மேனிபோல்டு இவ்வளவு சூடேறினால் சுமார் 3 மில்லிமீட்டர் நீளும். ஹெட் அவ்வளவு நீளாது. நாள்தோறும் நீண்டும் சுருங்கியும் வருவதால் கேஸ்கட் தேய்கின்றது. இரு கோடிகளிலுமுள்ள ஸ்டட்டுகள் முதலில் தளர்ந்து ஒடிகின்றன. ஆகவே, ஸ்டட்டுகளைக் கவனியாது கேஸ்கட்டை மட்டும் மாற்றினால், பழுது சில மாதங்களில் மீண்டும் தோன்றும்.

அடையாளங்கள்

காலையில் எஞ்சினைக் கிளப்பியவுடன் ‘டிக் டிக்’ என்ற ஓசை கேட்டு, சூடேறியபின் குறைதல். இணைப்பின் ஓரத்தில் கரி படிதல். ஓட்டுநர் அறையில் புகை நாற்றம். மேட்டில் இழுவை குறைதல் ஆகியன எக்ஸாஸ்ட் கசிவின் குறிகள். காற்று உட்செல்லும் இன்டேக் மேனிபோல்டில் கசிவு ஏற்பட்டால் ஓசை எளிதில் புலப்படாது. அதைக் கழற்றிப் பார்க்கையில், ஏர் பில்டருக்கு அப்பாலும் வாயினுள் புழுதி படிந்திருக்கும்.

விளையும் தீமைகள்

கரிசற்புழுதி வடிகட்டப்படாமல் உட்புகுந்தால் பிஸ்டன் ரிங்குகளும் லைனர்களும் விரைவில் தேய்ந்து, எஞ்சின் முழுவதையும் பிரித்துச் செப்பனிடும் பெருஞ்செலவு நேரும். எக்ஸாஸ்ட் கசிவில் வெளிவரும் புகையில் கார்பன் மோனாக்ஸைடு என்னும் மணமற்ற நச்சுவாயுவும் கலந்துள்ளது. அன்றியும், கசியும் சுடுவாயுவும் பொறியும் பருத்தியிலோ வைக்கோலிலோ பட்டால் தீப்பிடிக்கும். பட்டாசுத் தொழிலில் உபயோகமாகும் கந்தகம் சுமார் 230 டிகிரியிலேயே தானாகப் பற்றிக்கொள்ளும். ஆதலால் இத்தகைய லாரியைச் சிவகாசிப் பக்கத்துக் கிடங்குகளின் அருகில் கொண்டுசெல்வது சிறிதும் தகாது.

கழற்றும் முறை

1. எஞ்சின் நன்றாக ஆறியபின், சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பேட்டரி இணைப்பை நீக்க வேண்டும்.

2. முதல் நாள் மாலையே எல்லா நட்டுகளிலும் துருநீக்கி எண்ணெய் விட்டு ஊறவைத்தல் நன்று. திருகாத நட்டை முரட்டுத்தனமாய்த் திருகினால் ஸ்டட் ஒடியும். ஊறிய எண்ணெயைத் துடைத்துவிட்டு, டீசல் குழாய்களை விலக்கி மறைத்து, அந்நட்டை மட்டும் காஸ் ஜுவாலையால் சூடேற்றிச் சிறிது சிறிதாக முன்னும் பின்னும் அசைக்க வேண்டும்.

3. ஒடிந்த ஸ்டட்டின் முனை வெளியே நீண்டிருந்தால், அதன்மேல் ஒரு நட்டை வெல்டிங் செய்து திருகி எடுக்கலாம். உள்ளே ஒடிந்ததை, சரியாக நடுவில் துளையிட்டு எடுப்பதற்குத் தேர்ந்த லேத் பட்டறையை நாடுவதே சிக்கனம்.

4. பழைய கேஸ்கட்டுகளில் கல்நார் இருக்கக்கூடும். அதன் தூசி நுரையீரலுக்குத் தீங்கானது. உலர்ந்த நிலையில் சுரண்டாமலும் கம்பிப் பிரஷால் தேய்க்காமலும், நீரால் நனைத்து நீக்கிப் பையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும்.

பொருத்தும் முறை

மேனிபோல்டின் முகத்தில் நேர்ச்சட்டம் வைத்து, பீலர் கேஜால் இடைவெளியை அளக்க வேண்டும். எஞ்சினுக்குரிய கையேட்டில் கண்ட அளவுக்கு மேல் கோணியிருந்தாலோ விரிசல் இருந்தாலோ, புதுக் கேஸ்கட் போட்டும் பயனில்லை. முகத்தைப் பட்டறையில் சமமாக்குவதோ, மேனிபோல்டையே மாற்றுவதோ வேண்டும்.

ஒன்றிரண்டு மட்டும் பழுதாயிருப்பினும் ஸ்டட்டுகளையும் நட்டுகளையும் முழுவதும் மாற்றுதல் உத்தமம். கடையில் கிடைக்கும் சாதாரண போல்ட்டுகள் இவ்விடத்திற்கு உதவா. உஷ்ணம் தாங்கும் உருக்கினால் அவ்வெஞ்சினுக்கென்றே செய்யப்பட்டவை வேண்டும். சாதாரண ஸ்பிரிங் வாஷர் சூட்டில் தன் விசையை இழந்துவிடும். மரைகளைத் துப்புரவாக்கி, உஷ்ணம் தாங்கும் இறுகல்தடுப்புப் பசையைக் கையேடு அனுமதிக்கும் அளவு பூச வேண்டும். ஸ்டட் துளை தண்ணீர்ப் பாதையை எட்டுமாயின், அதற்குரிய சீலண்ட் பூசுதல் அவசியம்.

நட்டுகளை முதலில் கையால் திருகிவிட்டு, பின்னர் நடுவிலிருந்து இரு கோடிகளை நோக்கி, இரண்டு மூன்று சுற்றுகளாக டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். இம்முறையில் கேஸ்கட் மடிப்பின்றிப் படியும். எஞ்சினைச் சூடேறும்வரை ஓட்டி, ஆறவிட்டு, கையேடு விதிக்குமாயின் மீண்டும் இறுக்கம் சரிபார்க்க வேண்டும். அளவுக்கு மிஞ்சி இறுக்கிய ஸ்டட் சூட்டில் ஒடியும்.

கவனிக்க வேண்டியது

அறுவடைக்கு முன்னரே மார்கழியில் இவ்வேலையை முடித்துக்கொண்டால், களத்தில் சரக்கு காத்துக்கிடக்கும் நஷ்டம் நேராது. கிராம அதிகாரிகளும் பொதுக்களங்களில் வைக்கோற்போர், பருத்திக் குவியல் ஆகியவற்றின் அருகில் லாரிகள் எஞ்சினை ஓடவிட்டு நிற்காதவாறு கவனித்தல் நலம். ஒரு கேஸ்கட்டுக்கும் சில ஸ்டட்டுகளுக்கும் ஆகும் செலவு, ஓராண்டு உழைப்பின் பலனைக் காக்கும் செலவேயாகும்.