தறியை விட்டு ஏரிக்கரைக்கு: காஞ்சி வீடுகளுக்குச் சில குறிப்புகள்

தறியில் உட்காருகிறவர்களின் கண் காலை முதல் மாலை வரை ஒரு முழத் தூரத்தைத் தாண்டுவதில்லை. தொலைவில் உள்ளதைப் பார்க்கும்போதுதான் கண்ணின் தசைகள் தளர்ந்து ஓய்வெடுக்கும். அதற்கு மலைநாடு தேடி ஓட வேண்டியதில்லை. பல்லவர் காலம் தொட்டு வெட்டிவைத்த ஏரிகள் நம்மைச் சுற்றிக் கிடக்கின்றன. பறவை வரும் பருவத்தில் ஒரு நாள் குடும்பத்தோடு புறப்படுகிறவர்களுக்காக இந்தக் குறிப்புகள்.

1. நவம்பர் முதல் மார்ச் வரை நல்ல பருவம். மழைக்காலத்தில் குழித்தறியில் ஈரம் ஏறி வேலை மந்தப்படும் என்பதால் கார்த்திகை, மார்கழியில் ஒரு நாள் ஒதுக்குவது கடினமில்லை. மழை பொய்த்த ஆண்டில் ஏரி நிரம்பாது, பறவையும் தங்காது. வேடந்தாங்கல் பறவைச் சரணாலயத்துக்குப் போகும் முன் வனத்துறையிடம் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். குஞ்சுகளைப் பார்க்க ஆசையென்றால் பிப்ரவரியில் போங்கள்.

2. நடுப்பகலில் போய் ஏமாறாதீர்கள். பெரிய பறவைகள் பல அந்த நேரத்தில் வயல்களில் இரை தேடிக்கொண்டிருக்கும். விடிந்ததும் கரையில் நிற்க வேண்டும், அல்லது மாலை நான்கு மணிக்கு மேல் நிற்க வேண்டும். கூட்டம் கூட்டமாகக் கூடு திரும்பும் மாலை நேரமே என் தேர்வு. வேடந்தாங்கல் காஞ்சியிலிருந்து உத்திரமேரூர் வழியாகச் சுமார் 50 கிலோமீட்டர்.

3. கட்டுச்சோற்றுக்கு நம்மூர்க் கோயில் இட்லியை மிஞ்ச ஒன்றுமில்லை. மிளகு, சீரகம், சுக்கு, நெய் சேர்த்து, மந்தாரை இலை விரித்த குடலையில் வேகவைத்தது ஒரு நாள் முழுக்கத் தாங்கும். தேங்காய்ச் சட்னி வேண்டாம், வெயிலில் ஊசிப்போகும். மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் போதும். தண்ணீரைச் செம்பு, எவர்சில்வர் பாத்திரங்களில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரி முதல் தமிழகத்தில் தடை இருக்கிறது. மிச்சம் மீதியைப் பறவைக்கும் மீனுக்கும் போடாமல் மஞ்சப்பையில் போட்டு வீட்டுக்கே கொண்டுவாருங்கள்.

4. ஜரிகை மினுங்கும் சேலையும் பளிச்சென்ற வெள்ளைச் சட்டையும் வேறொரு நாளுக்கு இருக்கட்டும், பறவை மிரளும். வெளுத்த பச்சை, மண் நிறம், சாம்பல் நிறப் பருத்தித் துணி நல்லது. முழுக்கை இருந்தால் கொசுவும் அண்டாது.

5. வேடந்தாங்கலுக்குள் நுழையும்முன் பிள்ளைகளுக்கு அதன் கதையைச் சொல்லுங்கள். இந்தியாவின் மிகப் பழைய நீர்ப்பறவைச் சரணாலயம் இது. சுமார் 30 ஹெக்டேர் ஏரியில் நீர்க்கடம்பும் கருவேலமும் நீருக்குள் நிற்க, அவற்றின்மேல் கூடுகள். இதைக் காத்தவர்கள் ஊர்க்காரர்கள். பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் பாய்ந்தால் நெல் செழிக்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798-இல் பாதுகாப்புக் கவுல், அதாவது உறுதிப் பத்திரம், வாங்கினார்கள். 1858-இல் அது மறுபடி உறுதியானது. 2022-இல் வேடந்தாங்கல் ஈரநிலங்களுக்கான உலக ராம்சர் பட்டியலிலும் இடம்பிடித்தது. தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காமல் இருக்கும் ஊர் அது. அங்கே போய்க் கத்துவதும் கை தட்டிப் பறவையை எழுப்புவதும் அந்த ஊர்க்காரர்களுக்குச் செய்யும் அவமரியாதை என்றே நான் நினைக்கிறேன். வண்டி ஹாரனையும் கைப்பேசிப் பாட்டையும் வாசலிலேயே நிறுத்திவிடுங்கள்.

6. எல்லாப் பெயரையும் ஒரே நாளில் கற்க வேண்டாம், நான்கு போதும். பாக்குவெட்டி போல அலகின் நடுவே இடைவெளி தெரிந்தால் நத்தைக்குத்தி நாரை. அந்த அலகால்தான் நத்தையை ஓட்டிலிருந்து எடுத்துத் தின்னும். மஞ்சள் அலகும் வால் பக்கம் இளஞ்சிவப்பும் இருந்தால் சங்குவளை நாரை. அலகின் கீழே பை தொங்கினால் கூழைக்கடா. அலகின் நுனி தட்டையாக விரிந்திருந்தால் கரண்டிவாயன். தூரத்தில் நீந்தும் சிறு வாத்துகளில் சில மத்திய ஆசியாவையும் சைபீரியாவையும் விட்டுக் குளிருக்கு இங்கே வந்தவை. தொலைநோக்கி வாங்குவதென்றால் 8 மடங்கு போதும். அதைவிடப் பெரியது கையில் ஆடும். ஒரே தொலைநோக்கி இருந்தால் பாட்டிக்கு முதலில் கொடுங்கள்.

7. கூட்டம் பிடிக்காதவர்கள் அருகிலுள்ள கரிக்கிலிக்குப் போகலாம். அதுவும் சரணாலயம்தான், தரைமட்டத்தில் நடமாடும் வாத்துகளை அங்கே நன்றாகப் பார்க்கலாம்.

8. திரும்பும் வழியில் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் இறங்குங்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்து, கி.பி. 919, 921 ஆண்டுகளின் கல்வெட்டுகள் சுவரில் இருக்கின்றன. அவற்றில் வரும் குடவோலைத் தேர்தலைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். ஏரியைப் பார்த்துக்கொள்ள ஏரி வாரியம் என்றே ஒன்றை ஆண்டுதோறும் தேர்ந்தெடுத்ததைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லுங்கள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கும் அவர் உறவினருக்கும் அதில் இடமில்லை.

9. அடுத்த முறை பழைய சீவரம் குன்றேறுங்கள். மாட்டுப் பொங்கலன்று வரதராஜப் பெருமாள் பார்வேட்டை உற்சவத்துக்கு எழுந்தருளும் இடம். எதிரே திருமுக்கூடலில் பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுகின்றன. தண்ணீர் ஓடும் நாளில் ஆற்றில் இறங்கவே இறங்காதீர்கள். மணல் அள்ளிய பள்ளங்கள் மேலே தெரியாது. முழங்கால் நீர் அடுத்த அடியில் ஆளை விழுங்கும். ஏரியின் மதகுப் பக்கம் உறிஞ்சும் இழுப்பு இருக்கும், கலங்கலில் பாசி வழுக்கும். நீச்சல் தெரிந்தவருக்கும் இதுவே விதி.

10. நார்வேயில் மலைகளுக்கிடையே கடல் புகுந்த நீர்வழிகளின் ஓரம், பயிரிடாத நிலத்தில் யார் வேண்டுமானாலும் நடக்கலாம். 1957-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. நிலத்துக்கும் உடையவருக்கும் தொல்லை தரக்கூடாது என்ற கடமையும் அதிலேயே சேர்ந்திருக்கிறது. நம் ஏரிக்கரையில் எந்தச் சட்டமும் சொல்லாமலே அப்படி நடக்கலாம்: வரப்பை மிதித்துச் சரிக்காமல், நாற்றங்காலில் கால் வைக்காமல். புல் மறைத்த இடத்தில் குச்சியால் தட்டியபடி போங்கள். பாம்பு கடித்தால் கட்டுப் போடவோ கீறவோ கூடாது. கையைக் காலை அசைக்காமல் வைத்து நேரே ஆஸ்பத்திரி.

11. துணியில் எச்சம் விழுந்தால் ஈரமாகத் தேய்க்காதீர்கள், கறை பரவும். காயவிட்டு உதறி, பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, சோப்புப் போடுங்கள். செருப்பின் சேற்றையும் காய்ந்த பிறகு தட்டுவது எளிது.

12. பொங்கல் நாட்களில் ஊருக்குப் போக முடியாதவர்கள் மொட்டைமாடியிலோ ஐயங்கார்குளம் கரையிலோ கால் மணி நேரம் நின்று, கண்ணில் பட்ட பறவைகளின் பெயரையும் எண்ணிக்கையையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். 2015 முதல் ஒவ்வொரு பொங்கலுக்கும் தமிழகமெங்கும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. இ-பேர்ட் தளத்தில் யாரும் பதிவேற்றலாம். காக்கையும் மைனாவும் அந்தக் கணக்கில் சேரும், விட்டுவிடாதீர்கள்.