மென்களி மண்ணைக் குலுக்காமல் எடுக்க வேண்டும்

உங்கள் கிராமத்தில் உயரமான தண்ணீர்த் தாங்கியோ மாடிப் பாடசாலைக் கட்டடமோ கட்டுவதற்கு முன்னர், நிலத்தைத் துளையிட்டு மண் மாதிரி எடுப்பார்கள். வயலோரத்திலும் களப்புக் கரையிலும் உள்ள மென்களியில் இந்த வேலையை மிகக் கவனமாகச் செய்ய வேண்டும்.

பொறியியலாளர் ஒருவர் எனக்குத் தயிர்ச் சட்டியை வைத்துத்தான் இதை விளங்கப்படுத்தினார். மெதுவாக வெட்டினால் தயிர்த் துண்டு நிற்கும். சட்டியைக் குலுக்கினால் அதே தயிர் இளகிவிடும். மென்களியும் அப்படித்தான். தடித்த குழாயைச் சுத்தியலால் அடித்து இறக்கினால் மண்ணின் உள்ளமைப்பு உடைந்துவிடும். ஆய்வுகூடத்தில் அதன் பலம் உள்ளதிலும் குறைவாகத் தெரியும். தேவையில்லாத பெரிய அத்திவாரத்துக்குப் பணம் போகும். வழியில் காய்ந்துபோன மாதிரியோ உள்ளதைவிட உறுதியாகத் தெரியலாம். இதுதான் கூடுதல் ஆபத்து. கட்டடம் எவ்வளவு தாழும் என்ற கணிப்பும் பிழைத்துவிடும்.

ஆகவே மெல்லிய சுவருள்ள குழாயை ஒரே சீராக அழுத்தி இறக்க வேண்டும். சுவர் ஒதுக்கும் மண், உள்ளே நுழையும் மண்ணில் 10 வீதத்துக்கு உட்பட்டிருப்பது நல்லது. எடுத்தவுடன் இரு முனைகளையும் மெழுகால் அடைத்து, நிழலில் வைத்து, குலுங்காமல் கொண்டுபோக வேண்டும். முனைகளில் உள்ள மண் எப்படியும் ஓரளவு குழம்பியிருக்கும்; பலச் சோதனைக்கு நடுப்பகுதியே ஏற்றது. பையில் அள்ளிய மண்ணும் வீண் அல்ல. மண்ணின் வகையை அறிய அது போதும், பலத்தை அறியப் போதாது.

துளையிடும் நாளில் கிராம அபிவிருத்திச் சங்கத்திலிருந்து ஒருவராவது அங்கே நிற்கட்டும். குழாய்கள் வெயிலில் கிடந்தாலோ உழவு இயந்திரப் பெட்டியில் உருண்டாலோ தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் உடனே சொல்லுங்கள். நான்கு இதழ்களுள்ள தண்டொன்றை நிலத்துக்குள் இறக்கித் திருப்பி, மண்ணை வெளியே எடுக்காமலே பலத்தை அளக்கவும் முடியும். அதையும் செய்வார்களா என்று கேளுங்கள்.