குமரப் பருவத்தில் எல்லைநிலை ஆளுமைக் கோளாறு

குமரப் பருவம் இயல்பாகவே கொந்தளிப்பு மிக்கது. காலையில் சிரித்த சிறுவன் மாலையில் முகங்கொடுத்துப் பேசாதிருப்பதும், நேற்றைய தோழி இன்று பகையாவதும் அவ்வயதில் புதுமையல்ல. ஆயினும், சிலரிடம் இக்கொந்தளிப்பு அடங்காது நீடித்துக் கல்வியையும் உறவையும், சில வேளைகளில் உயிரையுமே பாதிக்கின்றது. இவ்வாறு நீடிக்கும் நிலைகளுள் ஒன்று எல்லைநிலை ஆளுமைக் கோளாறு.

இலேசான மனநோய்க்கும் கடுமையான மனநோய்க்கும் இடைப்பட்ட எல்லையில் நிற்போர் என்னும் கருத்தில் இப்பெயர் எழுந்தது. அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் இது 1980-ஆம் ஆண்டில் தனிக் கோளாறாக இடம்பெற்றது. அக்கையேடு கூறும் குறிகள் ஒன்பது: கைவிடப்படுவோம் என்ற பேரச்சம், ஒருவரை மிகப் போற்றி, பின் வெறுக்கும் நிலையற்ற உறவு, தான் யார் என்பதில் தெளிவின்மை, ஆராயாது தீங்கான செயல்களில் இறங்குதல், தன்னைக் காயப்படுத்திக் கொள்ளுதல் அல்லது தற்கொலை முயற்சி, சில மணி நேரத்திற்குள் மாறும் மனநிலை, நீங்காத வெறுமையுணர்வு, அடங்காச் சினம், மன நெருக்கடியில் தோன்றி மறையும் ஐயவுணர்வு. இவற்றுள் ஐந்தேனும் இருத்தல் வேண்டும்.

பதினெட்டு வயது நிரம்புமுன் இப்பெயரைச் சூட்டலாகாது என்று மருத்துவர் பலர் தயங்கியதுண்டு. ஆனால் கையேடு அதனைத் தடுக்கவில்லை. குறிகள் ஓராண்டேனும் நீடித்திருக்க வேண்டும் என்றே விதிக்கிறது. எனவே ஒரு வாரத்துச் சினத்தையோ, ஒரு தேர்வுக் காலத்துத் துயரத்தையோ கொண்டு முடிவு செய்தல் தவறு. மனச்சோர்வு நோயும், கொடுமைக்கு உள்ளானதன் விளைவும் இதைப் போலவே தோன்றக்கூடும். இவற்றைப் பிரித்தறிதல் மருத்துவரின் பணி.

ஆசிரியரும் களப்பணியாளரும் நோய்க்குப் பெயரிட வேண்டியதில்லை. என்ன நிகழ்ந்தது, எந்நாளில், எதன் பின், எவ்வளவு நேரம் நீடித்தது, வீட்டிலும் இவ்வாறே உள்ளதா என்பவற்றைக் குறித்து வைத்து, பெற்றோருடன் கலந்து மருத்துவரிடம் அனுப்புதல் போதும். மருத்துவர் காண்பது சிறிது நேரமே. ஓராண்டின் போக்கை அறிந்தவர் நீங்களே.

தன்னைக் காயப்படுத்திக் கொள்ளும் மாணவரை, "நடிக்கிறாய்" என்று இகழ்தல் ஒருபோதும் கூடாது. அந்நிலையில் ஓராண்டு காத்திராமல் அன்றே மருத்துவ உதவி நாடுக. மத்திய அரசு 2022-இல் தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம்.

உணர்ச்சியைத் தாங்கவும் ஆளவும் பயிற்றும் உளவழிச் சிகிச்சையே இதற்கு முதன்மையானது. நார்வேயில் குமரப் பருவத்தினரிடையே நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய பயிற்சி தன்னைக் காயப்படுத்தும் செயலைக் குறைத்தது. ஆகவே, காலத்தே கண்டறிதல் களங்கம் சூட்டுவதன்று. சிகிச்சைக்கு வழி திறப்பதாகும்.