பாலாற்றங்கரையில் அயல்மொழிச் சுவை

பாடம் முடிந்து மணி அடிக்கச் சில நிமிடங்கள் எஞ்சியிருந்த ஒரு வேளையில், "தமிழுக்கு அடுத்தபடியாக உங்கள் உள்ளம் விரும்பும் அயல்மொழி யாது? அதன்பால் உங்களை ஈர்த்தது எது?" என்று மாணாக்கரிடம் வினவினோம். அரபி என்றனர் பலர். மார்க்கத்தின் மொழி என்பது அவர்கள் கூறிய காரணம். இத்தாலியம் என்றார் ஒருவர். அவர்தம் தந்தையார் ஆம்பூரில் காலணித் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிபவர். கொரிய மொழி என்று கூறிவிட்டு நாணித் தலை கவிழ்ந்தார் இன்னொருவர். விடைகள் அனைத்தும் ஏற்புடையனவே. ஆயினும், அரபி என்றவருள் ஒருவரும் அம்மொழியின் ஒரு சொல்லையேனும் எடுத்துக்காட்டி, 'இஃது இன்ன வகையால் இனிது' என்று கூறவில்லை. ஓதத் தெரிகிறது, பொருள் தெரியவில்லை. இது நம் நெஞ்சை உறுத்திற்று. அவ்வுறுத்தலே இக்கட்டுரைக்கு வித்து.

முதலிலேயே ஒன்றைத் தெளிவுபடுத்துதல் நன்று. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் முதலிய ஊர்களில் எண்ணற்ற இல்லங்களின் தாய்மொழியாக விளங்கும் உருது, அயல்மொழி அன்று. அஃது இந்திய மண்ணில் பிறந்து, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் தமிழோடு ஒருங்கு எண்ணப்படும் மொழி. அதனை அயல்மொழி என்பாரும் உளர். அக்கூற்று நமக்கு உடன்பாடன்று. ஈண்டு நாம் அயல்மொழி எனக் கொள்வன அரபியும் பாரசீகமும், தோல் வாணிகத்தால் நம் வாயில் வரை வந்துள்ள ஐரோப்பிய மொழிகளுமே.

ரமலானும் ரம்ஜானும்

ஒரு மொழியின் கவர்ச்சி முதலில் செவிக்குப் புலனாவது. நாம் ழகரத்தைத் தமிழின் சிறப்பொலி எனப் போற்றுவது போலவே, அரபியர் தம் மொழியை 'ளாத் எழுத்தின் மொழி' எனப் பெருமையுடன் அழைப்பர். நாவின் ஓரத்தைக் கடைவாய்ப் பற்களின் பக்கம் அழுத்தி ஒலிக்கும் எழுத்து அது. பிறமொழியாளர்க்கு எளிதில் வாராது.

அவ்வெழுத்து நம் வட்டாரத்திற்கு இரு வழிகளில் வந்து சேர்ந்தது. பாரசீகத்தின் வழியாக உருதுவுக்கு வந்தபோது அது ஜகரத்தை ஒத்த அதிர்வொலியாயிற்று. தமிழ் பேசுவோர் நாவிலோ லகரமாகவும் ளகரமாகவும் ழகரமாகவும் படிந்தது. ஆகவேதான் உருது இல்லத்தில் 'ரம்ஜான்' எனப்படும் திங்கள், தமிழ் இல்லத்தில் 'ரமலான்' ஆகிறது; இலங்கை முஸ்லிம்கள் 'ரமழான்' என எழுதுகின்றனர். நீதி வழங்குபவர் ஓரிடத்தில் 'காஜி', ஓரிடத்தில் 'காழி'. அரபியரின் சிறப்பொலிக்குத் தமிழர் தம் சிறப்பொலியையே ஈடாக வைத்தனர் என்பது எண்ணி மகிழத்தக்கது. ஆம்பூர்க் கடைத்தெருவில் இருவகை ஒலிப்பும் ஒரே மாலையில் செவிப்படும். இவற்றுள் எது சரி எனப் பள்ளிவாசல் திண்ணையில் வாதிடுவோரையும் கண்டிருக்கிறோம். அரபியரின் செவிக்கு இரண்டுமே முழுச்சரியல்ல என்று சொன்னால் இரு தரப்பாரும் நம்மீது சினம் கொள்வர், எனவே வாளாவிருந்தோம்.

மூன்று மெய்களின் விந்தை

அரபியின் உண்மை அழகு அதன் சொல்லாக்கத்தில் உள்ளது. தமிழில் 'எழுது' என்னும் அடியை நிறுத்தி, அதன் பின்னே உறுப்புகளை ஒட்டி எழுதினான், எழுதுகோல், எழுதுபவர் எனச் சொற்களை ஆக்குகிறோம். அரபியிலோ பெரும்பாலான சொற்களுக்கு மூன்று மெய்களே வேர். இடையில் உயிரொலிகள் மாறமாறப் பொருள் விரிகிறது. க், த், ப் என்னும் மூன்றிலிருந்து 'கதப' (எழுதினான்), 'காதிப்' (எழுதுபவர்), 'கிதாப்' (நூல்), 'மக்தூப்' (எழுதப்பட்டது), 'மக்தபா' (நூலகம்) ஆகியவை பிறக்கின்றன. நம் சிறார் நாள்தோறும் ஓதச் செல்லும் 'மக்தப்' அக்குடும்பத்ததே. எழுதுமிடம் என்பது அதன் பொருள்.

இனி, நம் ஊர்த் தொழிலுக்கு வருவோம். தோல் பதனிடுதலுக்கு அரபியில் 'திபாகத்' என்று பெயர். பதனிடுபவர் 'தப்பாக்', பதனிடும் இடம் 'மத்பகா'. வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்திலும், 1924ஆம் ஆண்டு ஆம்பூரை அடுத்து நிறுவப்பெற்ற உமராபாத் ஜாமிஆ தாருஸ்ஸலாமிலும் பயிலும் மாணவர், தூய்மை பற்றிய சட்டப் பாடத்தில் இச்சொல்லைச் சந்திக்கின்றனர். பதனிட்ட தோலின் தூய்மை அங்கே பேசப்படுகிறது. ஊருக்குத் திரும்பும் வழியில் அவர்களே டேனரிகளையும் கடந்து செல்கின்றனர். நூலிலுள்ள 'மத்பகா'வும் தெருவிலுள்ள டேனரியும் ஒன்றே எனச் சேர்த்துக் காட்டுவார் அரியர்.

இதனினும் சுவையான சொல் 'ஜில்து'. அதன் பொருள் தோல். நூல்களுக்குத் தோலால் மேலட்டை கட்டிய வழக்கத்தினால், அரபியில் 'முஜல்லத்' என்றால் கட்டப்பட்ட நூற்பகுதி. உருதுவில் 'ஜில்து' என்றாலே நூலின் தொகுதி. வீட்டு அலமாரியிலுள்ள உருது நூல்களின் முகப்பில் 'ஜில்து 1', 'ஜில்து 2' எனக் காணலாம். தோலால் வளம்பெற்று, அவ்வருவாயின் ஒரு பகுதியைக் கல்விக்கு ஈந்த வட்டாரம் இது. 1919இல் வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியும், 1965இல் மேல்விஷாரம் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரியும் தோன்றிய மண்ணில், தோலுக்கும் நூலுக்கும் ஒரே சொல் வழங்குவதைப் பெரியோர் கவனித்திருப்பர்.

பாரசீகமும் வேலூர்ப் புலவரும்

பாரசீகத்தை நாம் கற்றதில்லை. ஆயினும் நாள்தோறும் பேசுகிறோம். பாரசீகத்தில் தோல் 'சர்ம்'. வடமொழியில் 'சர்மன்'. தமிழில் வழங்கும் 'சருமம்' அவ்வடசொல்லின் வடிவம். உறவு நெருங்கியது. ஆர்க்காட்டு நவாபுகளின் அரசவை மொழியாகவும், 1837இல் நீக்கப்படும் வரை கும்பினி ஆட்சியின் அலுவல் மொழிகளுள் ஒன்றாகவும் இருந்தமையால், அரபுச் சொற்களையும் சுமந்துகொண்டு அம்மொழி நம் அலுவலகங்களில் குடியேறிற்று. தாசில்தார், வக்கீல், ஜாமீன், வசூல், பாக்கி, ரசீது, அசல், நகல், ஆஜர் ஆகியவற்றை நீக்கிவிட்டு எவரேனும் ஒரு வழக்கை நடத்திவிட முடியுமா? சில சொற்கள் இங்கு வந்தபின் பொருள் மாறின. 'ராஜினாமா' என்பது இசைவுப் பத்திரம். ராஸி என்றால் இசைவு, நாமா என்றால் எழுத்து. தமிழில் அது பதவி விலகலாயிற்று. உருது பேசுவோர் அதற்கு 'இஸ்திஃபா' என்பர். ஆம்பூருக்குப் பெயர் தேடித்தந்த பிரியாணியும் 'வறுத்தது' எனப் பொருள்படும் பாரசீகச் சொல்லின் வழிவந்ததே.

இம்மொழிகளில் துறைபோகியவர் வேலூரில் 1745இல் பிறந்து 1806இல் மறைந்த மௌலானா பாக்கர் ஆகா. ஞானியும் கவிஞருமான குர்பீயிடம் பயின்றவர். வாலாஜா நவாபின் ஆதரவைப் பெற்றவர். அரபியிலும் பாரசீகத்திலும் நூல்கள் இயற்றும் ஆற்றல் இருந்தது. அவ்வாறு இயற்றவும் செய்தார். ஆனால் அவ்விரு மொழிகளையும் அறியாத பெண்டிரும் எளிய மக்களும் உணர வேண்டும் எனக் கருதிச் சமயநூல்களைத் தக்னி உருதுவில் யாத்தார். அக்காலத்தில் கற்றோர் அவையில் அம்மொழிக்கு மதிப்புக் குறைவு. மதிப்புமிக்க அயல்மொழியை விரும்பிக் கற்று, கற்றதை வீட்டு மொழிக்குக் கொண்டுவந்தார் அவர். கடற்கரைப் பட்டினங்களிலும் இதுவே நிகழ்ந்தது. கீழக்கரை செய்யிது முஹம்மது ஆலிம் (1816–1898) போன்ற பெரியோர், அரபு எழுத்துகளுக்குப் புள்ளிகள் கூட்டித் தமிழ் ஒலிகளைக் காட்டும் அரபுத்தமிழில் எழுதினர். எழுத்து அயலது, மொழி நமது.

நமக்கு அண்மைக் காலத்தில் இப்பணியைச் செய்தவர் கவிக்கோ அப்துல் ரகுமான் (1937–2017). உருதுக் கவிஞரின் மகனாக மதுரையில் பிறந்து, வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக நெடுங்காலம் பணியாற்றியவர். அரபியில் தோன்றிப் பாரசீகத்தில் வளர்ந்து உருதுவில் செழித்த கஜலைத் தமிழில் எழுதிக் காட்டினார். 'மின்மினிகளால் ஒரு கடிதம்' அத்தொகுப்பு. இஃது எளிய செயலன்று. தமிழ்ச் செவி எதுகையையும் மோனையையும் நாடுவது. எதுகை அடியின் தலையில் அமைவது. கஜலின் காஃபியாவும் ரதீஃபும் அடியின் ஈற்றில் ஒலிப்பவை. தமிழ் யாப்பில் அதற்கு நிகரானது இயைபுத் தொடை. ஆனால் நம் புலவர் அதனை எதுகையளவு ஆண்டாரல்லர். மேலும், கஜலின் ஒவ்வோர் ஈரடியும் தனித்து நிற்கும் ஆற்றலுடையது. ஒன்றன் கருத்து அடுத்ததில் தொடர வேண்டுவதில்லை. தொடர்நிலைக்குப் பழகிய வாசகர்க்கு இது முதலில் திகைப்பூட்டும். முஷாயிராவில் அமர்ந்து 'வாஹ் வாஹ்' ஒலி கேட்டவர்க்கோ உடனே விளங்கும்.

இத்தாலியம் விரும்பிய மாணவரை மறந்தோமில்லை. அவர்தம் தேர்வில் பிழைப்பு நோக்கம் மட்டுமே உள்ளது எனச் சிலர் எள்ளக்கூடும். இத்தாலியச் சொற்களுட் பெரும்பாலானவை உயிரொலியில் முடிவன. 'பஸ்ஸு', 'பேங்க்கு' என உகரம் கூட்டி முடிக்கும் நம் நாவிற்கு அம்மொழி எளிதில் இணங்கும். கைப்பைகளில் 'வேரா பெல்லெ' என்னும் முத்திரையைக் காணலாம். 'மெய்யான தோல்' என்பது பொருள். 'பெல்லெ' உடலின் தோலையும் குறிக்கும், பதனிட்ட தோலையும் குறிக்கும். அரபியின் 'ஜில்து'வும் தமிழின் 'தோலு'ம் அவ்வாறே. ஆங்கிலம் இரண்டிற்கும் வேறுவேறு சொல் வைத்துள்ளது. பிரெஞ்சில் தோற்பொருள் தொழிலின் பெயர் 'மரோக்கினரி'. மொராக்கோ நாட்டின் பெயரால் வந்தது. ஆங்கிலத்தில் காலணி செய்பவருக்கான பழம்பெயர் 'கார்ட்வைனர்'. அது முஸ்லிம் ஸ்பெயினின் தலைநகராயிருந்த குர்துபாவின், அதாவது கோர்டோபாவின், பெயரிலிருந்து பிறந்தது.

நம் வட்டாரத்தின் பழைய பதனீட்டு முறைக்கு உயிரானது ஆவாரம்பட்டை. புவிசார் குறியீடு பெற்ற 'ஈ.ஐ.' தோலின் நிறமும் மென்மையும் அப்பட்டையோடும் கடுக்காயோடும் பிணைந்தவை. அச்செடியைத் தாவரவியலார் முன்பு 'காசியா' இனத்தில் வைத்திருந்தனர். இப்போது 'சென்னா' இனத்தில் வைத்துள்ளனர். 'சென்னா' என்பது 'ஸனா' என்னும் அரபுச் சொல்லின் இலத்தீன் வடிவம். பாலாற்றங்கரை மேட்டில் மஞ்சளாகப் பூத்து நிற்கும் ஆவாரைக்கு உலக நூல்களில் அரபுப் பெயர். அடுத்த வாரம் அரபி விரும்பிய மாணாக்கரை அம்மேட்டிற்கு அழைத்துச் செல்ல எண்ணியுள்ளோம்.