யோக நித்திரை தூக்கத்துக்கு ஈடாகாது

“ஒரு மணி நேரம் யோக நித்திரை செய்தால் நான்கு மணி நேரம் தூங்கியதற்குச் சமம்.” இந்தச் செய்தி புலனக் குழுக்களில் ஓயாமல் சுற்றுகிறது. அலோர் காஜாவானாலும் ஜாசினானாலும் மெர்லிமாவ் ஆனாலும், யோகா வகுப்புக்குப் புதிதாக வருகிறவர்கள் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். அவர்களில் பலர் இரவு ஷிப்ட் முடித்துக் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள். “பகலில் எங்கே சார் தூங்குவது? அரை மணி நேரம் சவாசனத்தில் படுத்தால் போதாதா?”

போதாது.

யோக நித்திரையை இன்றைய வடிவில் பரப்பியவர் முங்கேரின் சுவாமி சத்யானந்த சரஸ்வதி. 1976இல் அவருடைய நூல் வெளிவந்தது. சங்கல்பம், உடலுறுப்புகளில் மனத்தை வரிசையாகச் செலுத்துவது, மூச்சை எண்ணுவது என்று அழகாக அமைந்த பயிற்சி அது. அவருடைய குரு சிவானந்தர் நமக்கு அந்நியர் அல்லர். பத்தமடையில் பிறந்து, டாக்டர் குப்புசாமியாக 1913 முதல் பத்தாண்டுகள் மலாயாவில் வேலை பார்த்தவர். பக்கத்து நெகிரி செம்பிலானில் தோட்ட மருத்துவமனையை நடத்தியவர். அந்தப் பரம்பரையிடம் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அதற்காக ஒன்றுக்கு நான்கு என்ற கணக்கை ஒப்புக்கொள்ள முடியாது. அப்படி யாரும் அளந்து நிறுவவில்லை.

தூக்கம் ஏறத்தாழ 90 நிமிடச் சுற்றுகளாக நடக்கிறது. முன்னிரவுச் சுற்றுகளில் ஆழ்ந்த உறக்கம் அதிகம். வளர்ச்சி ஹார்மோன் பெருமளவு சுரப்பது அப்போதுதான். பின்னிரவில் கனவு உறக்கம் நீள்கிறது. இந்த வேலைகளுக்கு மணிக்கணக்கில் நேரம் வேண்டும். யோக நித்திரையிலோ ஆசிரியரின் குரலைக் கேட்டபடி விழிப்போடுதான் படுத்திருக்கிறோம்.

இதற்கு மறுமொழியாகக் கோபன்ஹேகன் ஆய்வைக் காட்டுவார்கள். 2002இல் வெளியான அந்த ஆய்வில், பயிற்சியின்போது மூளையின் ஒரு பகுதியில் டோபமைன் வெளியீடு 65 சதவீதம் கூடியதாகக் கண்டார்கள். கலந்துகொண்டவர்கள் நன்கு பழகிய எட்டே பேர். அளந்தது டோபமைனை. விட்டுப்போன தூக்கம் ஈடாகிறதா என்று அதில் யாரும் பார்க்கவே இல்லை. ஆய்வைப் படிக்காமல் அதன் பெயரைச் சொல்லி அனுப்புகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது.

“எழுந்ததும் தெம்பாக இருக்கிறதே!” என்பார்கள். அந்தத் தெம்பை நம்பி மோட்டார் சைக்கிளை எடுக்காதீர்கள். 2003இல் வெளியான பென்சில்வேனியா ஆய்வில், இரண்டு வாரம் தினமும் ஆறு மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ தூங்கியவர்களின் கவனம், இரண்டு இரவு வரை முழுக்கக் கண்விழித்தவர்களின் நிலைக்குச் சரிந்தது. தாங்கள் அவ்வளவு தளர்ந்திருப்பது அவர்களுக்கே தெரியவில்லை.

நம்மவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. 1999இல் சிகாகோவில் ஆரோக்கியமான இளைஞர்கள் 11 பேரை ஆறு இரவு நான்கு மணி நேரம் மட்டும் படுக்கவிட்டார்கள். சர்க்கரையைக் கையாளும் திறன் அவர்கள் உடலில் தெளிவாகக் குறைந்தது. மலேசிய இந்தியப் பெரியவர்களில் பத்தில் மூவருக்கு இனிப்பு நீர் இருப்பதாக 2019 தேசிய சுகாதார ஆய்வு சொல்கிறது. அவர்களிடமா தூக்கத்தைக் குறைக்கச் சொல்வது?

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிணம்போல் படுப்பது அபசகுனம் என்று பாட்டிமார் அஞ்சுகிறார்கள். பதினைந்தாம் நூற்றாண்டு ஹட யோக பிரதீபிகை சவாசனத்தைக் களைப்பைப் போக்கும் ஆசனமாகவே சொல்கிறது, அச்சம் வேண்டாம். சவாசனம் செய்தால் இரத்தக் கொதிப்பு மாத்திரையை நிறுத்திவிடலாம் என்பது தவறு. 1969இல் டாக்டர் தாத்தே குழுவினர் பம்பாயில் 47 நோயாளிகளுக்குச் சவாசனம் பழக்கினார்கள், பலருக்கு அழுத்தம் இறங்கியது. மருந்தைக் குறைத்தது மருத்துவர்கள். கர்ப்பிணிகள் கடைசி மாதங்களில் மல்லாந்து படுக்க வேண்டாம், இடப்பக்கம் சாய்ந்து செய்யுங்கள். பயிற்சியில் தூங்கிப்போனால் பாவமில்லை. உங்களுக்குத் தூக்கம் பாக்கி இருக்கிறது, வீட்டுக்குப் போய்ப் படுங்கள்.

எங்கே படுப்பது என்பதுதான் சிக்கல். அன்று தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுக்கு நிற்க வேண்டும். அதனால் லயம் முழுதும் முன்னிரவிலேயே அடங்கிவிடும். இன்றைய தாமானில் ஒரு வீட்டுக்கு விடிகிற நேரம் இன்னொரு வீட்டுக்கு இரவு. காலை எட்டு மணிக்கு ஒருவர் படுக்கப் போகும்போது கோயில் ஒலிபெருக்கி தொடங்குகிறது; கல்யாண வீட்டுப் பாட்டு மாலை வரை ஓய்வதில்லை. கோயில் நிர்வாகத்தாரைக் கேட்கிறேன்: ஒலிபெருக்கியை மண்டபத்துக்குள் திருப்புங்கள். காலை எட்டிலிருந்து பிற்பகல் மூன்று வரை சத்தத்தைக் குறையுங்கள். திருவிழா நாள்களை முன்கூட்டியே வீடு வீடாகத் தெரிவித்தால், இரவு ஷிப்ட் பார்க்கிறவர்கள் அன்றைக்கு விடுப்பாவது கேட்டுக்கொள்வார்கள்.