பஸ் ஸ்டாண்டு கண்ணாடி போதுமா?

நாற்பது தாண்டியதும் பூக்கடைச் சீட்டு, மாத்திரை அட்டை எல்லாம் மங்கும். திண்டுக்கல் பஸ் நிலையத்தில் தொங்கும் ரெடிமேட் கண்ணாடியை எடுக்கும் முன்:

1. ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். ரெடிமேடில் இரு பக்கமும் ஒரே பவர்தான். கண்கள் வேறுபட்டால் அது ஒத்துவராது.

2. செய்தித்தாளை 40 செ.மீ. தூரத்தில் பிடித்து, தெளிவாகத் தெரிவதில் குறைந்த பவரையே எடுங்கள். +1.00-லிருந்து கால் காலாக ஏற்றுங்கள். அதிகப் பவர் போட்டால் தாளை மூக்கருகே கொண்டுவர வேண்டியிருக்கும்.

3. எழுத்து நிழலடித்தால் வாங்காதீர்கள். அதைச் சரிசெய்யும் சிலிண்டர் பவர் ரெடிமேடில் கிடையாது.

4. ரெடிமேட் கண்ணாடியைப் போட்டு வண்டி ஓட்டாதீர்கள். தூரம் மங்கும்.

5. சர்க்கரை உள்ளவர்கள் முதலில் மருத்துவரிடம் போங்கள். சர்க்கரை ஏறி இறங்கினால் பவரும் மாறும்; விழித்திரையையும் பார்க்க வேண்டும்.

சின்னாளபட்டித் தறியிலோ பூட்டுப் பட்டறையிலோ நாள் முழுக்கக் கண்ணை ஊன்றுபவர்கள், உங்கள் வேலைத் தூரத்தைச் சொல்லி, அளவெடுத்தே போடுங்கள். ரெடிமேட், மளிகைச் சீட்டு படிக்க மட்டும்.

பார்வை திடீரென மங்கினால் கண்ணாடிக் கடைக்குப் போகாதீர்கள், அன்றே கண் மருத்துவரிடம் போங்கள்.