வெளியே காத்திருந்தோர்

லூக்கா எழுதிய சுவிசேஷத்தின் முதல் நிகழ்ச்சி எருசலேம் தேவாலயத்தில் நடைபெறுகிறது. சகரியா என்னும் முதிய ஆசாரியன் தூபங்காட்ட உட்செல்கிறான். ஜனங்களோ வெளியே நின்று ஜெபம் பண்ணுகிறார்கள். இப்பகுதியை வாசிப்போர் உள்ளே தோன்றிய தேவதூதனையே பெரிதும் நோக்குவர். வெளியே நின்றோர் செய்தது யாது என்பதையும் ஆராய்தல் நலம்.

ஆசாரியர் 24 வகுப்பினராகப் பிரிக்கப்பட்டிருந்தனர். சகரியா எட்டாவதாகிய அபியாவின் வகுப்பைச் சேர்ந்தவன். நாள்தோறும் காலையிலும் மாலையிலும் பொற்பீடத்தின்மேல் தூபம் செலுத்தப்பட்டது; அதைச் செலுத்துவோன் சீட்டினால் தெரிந்துகொள்ளப்பட்டான். ஏறக்குறைய கி.பி. 200-இல் தொகுக்கப்பெற்ற மிஷ்னா என்னும் யூத நூல், முன் ஒருபொழுதும் தூபங்காட்டாதவரே அச்சீட்டிற்கு அழைக்கப்பட்டனர் எனக் கூறுகிறது. ஆகவே சகரியாவுக்கு அது கிடைத்தற்கரிய நாள்.

அந்நூல் கூறும் முறை வருமாறு: தணல் கொணர்ந்தவன் அதனைப் பீடத்தின்மேற் பரப்பி, வணங்கி வெளியேறுவான். தூபமிடுவோன் தனித்து நிற்பான். கண்காணிப்போன் கட்டளையிட்ட பின்னரே அவன் தூபமிட்டு, வணங்கி, வெளியே வருவான். பின்னர் ஆசாரியர் படிகளில் நின்று ஜனங்களை ஆசீர்வதிப்பர்.

அன்றோ சகரியா வரத் தாமதித்தான். ஜனங்கள் ஆச்சரியப்பட்டனர் என்கிறார் லூக்கா. அவ்வாச்சரியத்தில் அச்சமும் கலந்திருக்கக்கூடும். அந்நிய அக்கினியைக் கொண்டுவந்த நாதாபும் அபியூவும் கர்த்தருடைய சந்நிதியில் மாண்ட வரலாற்றை அவர்கள் அறிவார்கள். பாவநிவிர்த்தி நாளில் பிரதான ஆசாரியனும் உள்ளே நீண்ட ஜெபம் செய்யலாகாது. செய்தால் இஸ்ரவேலர் திகிலடைவர் என்று மிஷ்னா காரணங் கூறுகிறது. உள்ளே நிற்போன் தன்னை மாத்திரமன்று, வெளியே காத்திருப்போரையும் நினைக்க வேண்டும் என்பது இவ்விதியின் கருத்து.

ஆயினும் அத்தாமதத்தின் காரணம் கோபமன்று. சகரியாவின் விண்ணப்பம் கேட்கப்பட்டது என்னும் நற்செய்தியே. அதனை நம்பத் தயங்கியமையால் அவன் நாவடைத்து வெளியே வந்தான். ஆசீர்வாதத்தின் சொற்களை எதிர்நோக்கி நின்றோர்க்குக் கிடைத்தவை கைச்சைகைகளே. அவர்கள் முறுமுறுத்ததாக லூக்கா கூறவில்லை. அவன் தரிசனங் கண்டான் என்று அறிந்துகொண்டனர் என்றே கூறுகிறார். ஊமையான ஆசாரியனில் தேவனுடைய செயலைக் கண்டுகொள்ள அவர்களுடைய காத்திருத்தல் அவர்களை ஆயத்தப்படுத்தியிருந்தது எனலாம். அன்று ஆசாரியன் வாயால் கூறமுடியாமற்போன ஆசீர்வாதம், அச்சுவிசேஷத்தின் இறுதியில் இயேசு கைகளை உயர்த்திச் சீஷரை ஆசீர்வதிக்கும்போது நிறைவெய்துகிறது.

கி.பி. 70-இல் ரோமர் அத்தேவாலயத்தை அழித்தனர். பீடமும் தூபமும் ஒழிந்தன; சீட்டுப் போடுவதும் நின்றது. வெளியே நின்றோர் செய்த ஜெபமோ ஒழியவில்லை. நித்திய பலிகள் செலுத்தப்பட்ட காலை மாலை வேளைகளையொட்டி யூதர் இன்றும் ஜெபிக்கின்றனர். உள்ளே செல்லும் பேறு ஒருவனுக்கே உரியதாயிருந்தது. காத்திருந்து ஜெபிக்கும் பேறோ அனைவர்க்கும் உரியது. நம் விண்ணப்பத்திற்கு மறுமொழி தாமதிக்குங்கால், கதவுக்கு வெளியே நின்ற அப்பெயரறியா மாந்தரை நினைவுகூர்வோமாக.